குடித்தனப் பெட்டி

பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். அந்த இருமலுக்குச் சொந்தக்காரர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

சுகன்யா சாப்பாட்டுத் தட்டை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். வெளியே மத்தியான வெயில். மின்விசிறி ஓடவில்லை. ஓடினால் அந்தக் கிர்ரென்ற சத்தத்தில் சில சின்ன விஷயங்கள் காதில் விழாமல் போய்விடும். அதனால் மாதக்கணக்காக ஜன்னல்களை அகலத் திறந்து வைத்து, கடல்காற்றை நம்பியே காலம் தள்ளுகிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது.

"மாத்திரை போட்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கமாகப் போனது. அது போன பிறகு ஜன்னல் கொக்கி மெதுவாக, திருட்டுத்தனமாக, 'டிக்' என்றது.

சுகன்யா கண்ணை மூடிக்கொண்டாள். மாத்திரை கேட்ட பெண்குரல் அவளுடையது. ஆறேழு வருடத்துக்கு முந்தைய அவள் குரல். "ஆச்சு, ஆச்சு" என்றவர் அவள் கணவர் தினகரன். பஸ் பணிமனை மெக்கானிக். நுரையீரல் கெட்டு, மருந்துக்கும் அடங்காமல் போய்ச் சேர்ந்தவர். அந்த ஜன்னல் கொக்கிச் சத்தத்தை மட்டும் அவர் உயிரோடு இருந்தவரை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்? மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று எத்தனை டாக்டரிடம் சண்டை போட்டிருக்கிறாள். மனிதர் மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிக்கொண்டிருந்திருக்கிறார்.

வளர்பிறை டவர்ஸ், பதினான்காவது மாடி, சி வீடு. இங்கே குடிவந்த புதிதில், பக்கத்து டி வீட்டில் யாரோ நல்ல குடும்பம் இருக்கிறது என்றுதான் நினைத்தாள். குக்கர் விசில், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், செருப்பு நடமாட்டம். ஒருநாள் புளியோதரை செய்து எடுத்துக்கொண்டு போய் மணி அடித்தாள். உள்ளே பேச்சு கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. திமிர் பிடித்தவர்கள் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் அந்த இருமல் கேட்டது. முதலில் ஒரு கனைப்பு, பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் "முருகா" என்று ஒரு முனகல்.

உலகத்தில் அப்படி இருமுகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

அன்றிலிருந்து அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். டிவியை நிறுத்தினாள். குக்கரைத் தலைக்குமேல் இருக்கும் அட்டத்தில் ஏற்றினாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோறு வடித்து வைத்துக்கொண்டு ஆறியதைச் சாப்பிட்டாள். வெறுங்காலோடு நடந்தாள். ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நாளை ஓட்டினாள். தினமும் காலையில் சுவரோரம் உட்கார்ந்தால், சாயங்காலம்வரை தன் பழைய வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதைவிட, நிறுத்திவிடுவார்கள்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டியது குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹரிபிரசாத். நெற்றியில் வியர்வை, கையில் கைக்குட்டை, முகத்தில் எப்போதும் இருக்கிற அசட்டுச் சிரிப்பு மட்டும் இல்லை.

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம். உள்ள வரலாமா?"

"வாங்க. மெதுவா பேசுங்க."

"ஏன், யாராவது தூங்குறாங்களா?"

"இல்ல. பழக்கம்."

அவர் நாற்காலியை இழுத்தார். அது தரையில் கிறீச்சிட்டது. சுகன்யாவுக்கு உடம்பு கூசியது.

"அடர்த்தி ஆணையத்துலேர்ந்து நாளைக்கு ஆள் வர்றாங்க. நம்ம டவரோட மண்டலத் தகுதிய சோதிக்க. அதான் வீடு வீடா சொல்லிட்டு வர்றேன்."

"எனக்கு இதெல்லாம் புரியாது சார்."

"புரியற மாதிரியே சொல்றேன். கடல் ரெண்டு தெரு உள்ள வந்துச்சு பாருங்க, அப்போ இருக்குற எடத்துல நெறையப் பேர வெக்கணும்னு உயர் அடர்த்தி மண்டலம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. முப்பது மாடி கட்டிக்கோ, மெட்ரோ தர்றேன், தண்ணி தர்றேன்னாங்க. எல்லாரும் கட்டுனாங்க. ஆனா வாங்குனவன்லாம் பூட்டு போட்டுட்டு வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டான். வெல ஏறட்டும்னு. ஆயிரம் வீடு கட்டியும் தெருவுல படுக்குறவன் தெருவுலயேதான் படுத்தான். அப்புறம்தான் இந்த விதி. டவர்ல பத்துல ஒம்பது வீட்டுல ஆள் நெசமாவே குடியிருக்கணும். இல்லன்னா அந்த எடம் நடுத்தர அடர்த்தி மண்டலமா எறங்கிடும்."

"எறங்குனா?"

"நடுத்தரத்துல ஆறு மாடிதான் அனுமதி. ஏழுலேர்ந்து மேல எல்லாத்துக்கும் சீல். லிப்ட் நிக்காது, தண்ணி ஏறாது." அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நீங்க பதினாலு. நான் இருபத்தொண்ணு. என் பொண்ணு கல்யாணத்த இந்த வீட்ட வெச்சுத்தான் பேசி முடிச்சிருக்கேன் மேடம்."

சுகன்யா சுவரைப் பார்த்தாள். சீல் வைத்தால் அவளுக்குப் போக இடம் கிடையாது. பழைய காந்தள் காலனி வீட்டைக் கொடுத்ததற்கு ஈடாகத்தான் இந்த வீடு. ஆனால் அவளுக்குப் பெரிதாகப் பட்டது வீடு போவது இல்லை. சுவர் போய்விடுமே என்பது.

"ஆள் இருக்குறத எப்படி எண்ணுவாங்க? வீட்டுக்குள்ள வந்து பாப்பாங்களா?"

"அதெல்லாம் கெடையாது. கேமரா வெக்கக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. சுவத்துல ஆள்மீட்டர் இருக்கு. தரை அதிர்வு, தண்ணி, சாக்கடை, மூச்சுக்காத்து. இத வெச்சே இந்த வீட்டுல எத்தன பேர்னு சொல்லிடும்."

"அப்ப டி வீட்டுல எத்தன பேர்னு சொல்லுது?"

ஹரிபிரசாத் கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சார், அங்க ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"மெதுவா மேடம்."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். நீங்கதான் நாற்காலிய இழுத்தீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "பெட்டி. குடித்தனப் பெட்டின்னு சொல்வாங்க. பூட்டுன வீட்டுல ஒண்ணு வெச்சா போதும், தரைய அதிர வெக்கும், குழாயத் தொறக்கும், பேசும், காத்துல மூச்சு வுடும். இந்த ஊர்ல எல்லா டவர்லயும் இருக்கு. இல்லாத டவர் எதுன்னு ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

"அதுல பேசுறது யாரு?"

"யாரோ. சும்மா செஞ்ச சத்தம்னா மீட்டர் கண்டுபிடிச்சிடுது. நெசமா வாழ்ந்தவங்களோட பதிவு வேணும். பழைய காலனிங்கள்ல கரண்ட்டு பில் சலுகைன்னு சொல்லி வருஷக்கணக்கா வீட்டுக்கு வீடு ஒரு கருவி மாட்டி வெச்சிருந்தாங்கல்ல..."

சுகன்யாவுக்கு நினைவு வந்தது. சமையலறைக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம். தினகரன் அதில்தான் நாட்காட்டியை மாட்டியிருந்தார்.

"காலனிய இடிச்சதும் அந்தப் பதிவெல்லாம் பெட்டி செய்ற கம்பெனிக்குப் போச்சு. எந்தக் குடும்பத்து பதிவையும் அவங்க இருக்குற ஊர்ல போடக்கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆனா நம்ம டவருக்குப் பெட்டி மாட்ட வந்தவன் சோம்பேறி. பழைய கதவு நம்பரையே பாத்து வரிசையா மாட்டிட்டான்."

"காந்தள் காலனியில டி பிளாக், பதினாலாம் நம்பர்." சுகன்யா சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்குப் பதினாலுன்னா உசுரு. இங்க வீடு ஒதுக்கும்போது பதினாலு டி கேட்டேன். சிங்கப்பூர்க்காரருக்கு வித்தாச்சுன்னு சி குடுத்தாங்க."

ஹரிபிரசாத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து டி வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் சுவரைப் பார்த்தபடியே இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"நாளைக்கே மாத்திடறேன் மேடம். வேற யாரோடதையாவது..."

"தொட்டீங்கன்னா நானே ஆணையத்துக்குப் போய்ச் சொல்லிடுவேன்."

அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். பேச்சை மாற்றுகிற ஆசையில் சொன்னார்: "அது ரொம்ப உசத்தியான பெட்டி மேடம். சும்மா பாட்டு மாதிரி திருப்பித் திருப்பி ஓடாது. அக்கம்பக்கத்துச் சத்தத்த கேட்டு அதுக்குத் தகுந்தாப்ல நடந்துக்கும். மழை பெஞ்சா ஜன்னல் சாத்தும். அப்படி இல்லன்னா மீட்டர் ஏமாறாது. பதினஞ்சு டி-ல ஒரு தையல் மிஷின் அம்மா பெட்டி. மேல குடியிருக்கறவங்க அதோட ரேடியோ சத்தம் தாங்கலன்னு எங்கிட்டயே புகார் குடுக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

சுகன்யா நிமிர்ந்தாள். காந்தள் காலனியில் அவள் வீட்டுக்கு அடுத்த வாசல் ரெஜினாவுடையது. வாடகைக்கு இருந்தவள். காலையிலிருந்து தையல் மிஷின், மிஷினைவிட உரக்க ரேடியோ. காலனியை இடித்தபோது வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் புது வீடு. வாடகைக்காரர்களை ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டி ஒரு தகரக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

"சார், அந்த அம்மா உசுரோட இருக்கா. தகரக் கூரைக்கடியில உக்காந்து ரவிக்கை தெச்சிக்கிட்டு இருக்கா. அவ சத்தத்துக்கு வீடு குடுத்திருக்கீங்க. அவளுக்குக் குடுக்கல."

ஹரிபிரசாத் கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்தார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "பத்துல ஒம்பதுங்கிற கணக்குல நாம சரியா விளிம்புல நிக்குறோம் மேடம். ஒரு வீடு குறைஞ்சாலும் போச்சு. நாளைக்கு டி வீட்டப் பத்திக் கேட்டா, இருக்காங்க, நல்ல மனுஷங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

"அதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றாள் சுகன்யா.

ஆணையத்திலிருந்து வந்தவள் ஆதிரா என்று ஓர் இளம்பெண். தோளில் பை, கையில் ஒரு திரை, காலில் சத்தமே எழுப்பாத செருப்பு. ஹரிபிரசாத் அவளுக்குப் பின்னால் இளநீரோடு நின்றார்.

சுகன்யா கதவைத் திறந்ததும் அந்தப் பெண் திடுக்கிட்டாள். திரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"நீங்க... இங்க எப்படிம்மா?"

"இதென்ன கேள்வி? என் வீடு."

"இதுதான சி?"

"சி தான். டி அந்தப் பக்கம்."

"டி-க்கு நான் வரலம்மா. அது சரியா இருக்கு. ரெண்டு பேர், ஒழுங்கா சமைக்கறாங்க, குளிக்கறாங்க, ஒருத்தருக்கு இருமல் இருக்கு." ஆதிரா திரையை அவள் பக்கம் திருப்பினாள். பதினான்காவது மாடியின் படம். டி வீட்டில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. சி வீடு சாம்பல் நிறத்தில், வெறுமையாக இருந்தது. "சி-லதான் ஆள் இல்லன்னு மீட்டர் சொல்லுது. மாசக்கணக்கா. பூட்டிக் கெடக்குற வீடுன்னுதான் பாக்க வந்தேன்."

சுகன்யா அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். அதற்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் இருக்கேனேம்மா. கண்ணு முன்னாடி நிக்கிறேன்."

"நிக்கறீங்க. ஆனா நான் கண்ணால பாத்தத எழுத முடியாது. முன்னாடி அப்படித்தான் எழுதிக்கிட்டு இருந்தாங்க. கவர் வாங்கிக்கிட்டு ஆள் இல்லாத வீட்டுல ஆளப் பாத்ததா எழுதுனாங்க. அதனால இப்ப மீட்டர் சொல்றது மட்டும்தான் கணக்கு." அவள் உள்ளே வந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள். காய்ந்த அடுப்பு. கவிழ்த்து வைத்த ஒரே ஒரு தட்டு. திறந்து கிடந்த ஜன்னல்கள். "மூச்சுக்காத்துகூட வெளியில போயிடுது. அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எதாவது விரதமா?"

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கனைப்பு. நீளமான இருமல். "முருகா."

"யாரும்மா பக்கத்துல?" ஆதிரா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பின்னால் ஹரிபிரசாத்தின் கையில் இளநீர் தளும்பியது.

"என் வீட்டுக்காரர்" என்றாள் சுகன்யா.

ஆதிரா எதையோ கேட்க வாயெடுத்தாள். கூடத்துச் சுவரில் மாலை போட்டிருந்த தினகரனின் படம் அவள் கண்ணில் பட்டது. அதையும் திரையில் நகர்கிற பச்சைப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரையை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

"டி-ய நான் எழுதி முடிச்சாச்சு" என்றாள் தாழ்ந்த குரலில். "சி-க்கு ஒரு வாரம் டைம் இருக்கு. அதுக்குள்ள மீட்டர்ல நீங்க வரணும். வரலன்னா டவர் எறங்கிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"வர்றதுன்னா என்ன பண்ணணும்?"

"வாழணும்மா. கொஞ்சம் சத்தமா."

ஆதிரா இளநீரைத் தொடாமல் லிப்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலமே ஹரிபிரசாத் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே சோப்புப் பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு பொருள்.

"கம்பெனிக்காரன்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன் மேடம். இத அந்த மூலையில வெச்சிடுங்க. தனியா இருக்குற அம்மாவோட பதிவு. பூஜை மணி, மிக்ஸி, சீரியல் பாத்து அழுறது எல்லாம் உண்டு. நீங்க வழக்கம்போல சுவத்தோரமா உக்காந்துக்குங்க. உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. அது உங்களுக்குப் பதிலா வாழ்ந்துடும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சுகன்யா அதன் எதிரே உட்கார்ந்தாள். விரலால் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். அவள் வீட்டுச் சமையலறையில், யாரும் இல்லாத இடத்தில், வளையல் சத்தம் கேட்டது. பாத்திரம் நகர்ந்தது. யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சியபடி தனக்குத்தானே பேசிக்கொண்டாள். காலடி கூடத்துக்கு வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

சுகன்யா பொத்தானைப் பிடுங்காத குறையாக அணைத்தாள்.

அந்தப் பக்கம் அவளே இருக்கிறாள், அவரோடு. இந்தப் பெட்டியை வைத்தால் இந்தப் பக்கமும் ஒருத்தி இருப்பாள். அப்படியானால் சுவரோரம் காதை வைத்து உட்கார்ந்திருப்பது யார்?

சத்தமாக வாழலாம். மிக்ஸி போடலாம், டிவி வைக்கலாம். ஆனால் அவர் இருமல் கேட்காது. ஒவ்வொரு விசிலுக்கும் அவர் பேச்சில் ஒரு துண்டு போய்விடும். இரண்டாம் தடவையும் அவரைத் தானே அனுப்பி வைத்த மாதிரி.

கைப்பேசியை எடுத்தாள். வெகுநாள் கழித்து அவள் குரல் அவளுக்கே கரகரத்தது.

"ரெஜினா, நான் சுகன்யா பேசுறேன்."

"அக்கா, இருக்கியா? நான் எத்தன தடவ போன் போட்டேன். எடுக்கவே மாட்டேங்கற. சரி, பணக்காரங்க டவருக்குப் போனதும் நம்மள மறந்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

"திட்டிக்கோ. திட்டிட்டு, மிஷினத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு."

"எதுக்கு?"

"இருக்கறதுக்கு."

ரெஜினா மறுநாள் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மிஷின், துணி மூட்டை, ரேடியோ, கருவாட்டுப் பொட்டலம். லிப்டில் ஏறும்போதே, "இது மேல போகுதா, பரலோகத்துக்குப் போகுதா?" என்று கேட்டாள். வீட்டுக்குள் வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா வீடு இது? சாவு வீட்டுலகூட நாலு பேரு பேசிக்கிட்டு இருப்பாங்க. குக்கர் எங்க?"

"அட்டத்துல."

"குக்கர யாராச்சும் அட்டத்துல வெப்பாங்களா? எறக்கு."

அன்று வீடு அதிர்ந்தது. மிக்ஸி ஓடியது. கருவாடு வறுபட்டது. மிஷின் கடகடத்தது. ரேடியோ அலறியது. ரெஜினா ஊர்க் கதையை ஆரம்பித்தால் பாட்டைவிட உரக்கப் பேசுவாள். சுகன்யா சாம்பார் கிண்டிக்கொண்டே ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்தாள். காது அந்தப் பக்கமே தாவியது. ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவள் தேடுவதைக் குறைத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. அது பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் ரெஜினா நூல் மாற்றுவதற்காக மிஷினை நிறுத்தினாள். ரேடியோவில் செய்தி வருகிறது என்று அதையும் அணைத்தாள். மிஷின் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ரெஜினா தன் காலைக் குனிந்து பார்த்தாள். கால் மிதியில் இல்லை. மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள்.

"யாருக்கா அது?"

"மேல, பதினஞ்சு டி."

"எட்டு தையலுக்கு ஒருதரம் டொக்குன்னு விழுது பாத்தியா? பல்சக்கரம் தேஞ்ச மிஷின். அது என் மிஷின்க்கா." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "என் மிஷின் இங்க இருக்கு. அங்க ஓட்டுறது யாரு?"

சுகன்யா எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை வட்டம், பதிவு, பெட்டி, பத்தில் ஒன்பது. டி வீட்டைப் பற்றியும் சொன்னாள். கேட்டு முடித்து ரெஜினா ஊசியில் நூலைக் கோத்தாள். முதல் தடவை கோக்க முடியவில்லை.

"அப்ப நான் தகரத்துக்கடியில வேகும்போது, நான் மேல காத்து வாங்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஆமா."

"வாடக குடுக்காம."

"ஆமா."

ரெஜினா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினாள்: "நல்லா இருடி மகராசி." பிறகு ரேடியோவைத் திருகி, இருக்கிற சத்தம் முழுவதையும் வைத்தாள்.

வாரம் முடிந்த அன்று காலையில் ஹரிபிரசாத் படியிறங்கி ஓடிவந்தார். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. "வந்துடுச்சு மேடம். சி-ல ரெண்டு புள்ளி. நல்ல பச்சை. டவர் பொழச்சுது." பையிலிருந்து லட்டை எடுத்து நீட்டினார். மேஜைமேல் கிடந்த வெள்ளைப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் கவனமாக நடந்து வெளியே போனார்.

இனி சத்தம் குறைத்துக்கொள்ளலாம். மாதத்தில் சில நாள் சமைத்துக் குளித்து மீட்டரைத் திருப்திப்படுத்திவிட்டு, மீதி நாள் சுவரோரம் உட்காரலாம். ரெஜினாவிடம் ரேடியோவை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான். சுகன்யா அதைச் சொல்லத்தான் கூடத்துக்கு வந்தாள். ரெஜினா ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து சுருதி இல்லாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

டிங். டிங். டிங்.

சுவரிலிருந்து வந்தது. எவர்சில்வர் டம்ளரின் அடியால் சுவரைத் தட்டுகிற சத்தம்.

ரெஜினா தலையைத் தூக்கக்கூட இல்லை. கை தானாகப் போய் ரேடியோவைக் குறைத்தது. "கொறச்சுட்டேண்ணே" என்றாள், காந்தள் காலனியில் தினமும் சொன்ன அதே அலுப்போடு.

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கிற ஓசை. நாற்காலி முனகியது. சுகன்யா மாதக்கணக்காக அந்தச் சுவரைக் கேட்டிருக்கிறாள். ஒருநாளும் அவர் தட்டியதில்லை. தட்டுவதற்கு இந்தப் பக்கம் யாரும் இருந்ததில்லை.

அவள் நடந்து போனாள், செருப்புப் போட்ட காலோடு, தரை அதிர. ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள்.

"அக்கா, வேணாங்க்கா" என்றாள் ரெஜினா.

டிங். டிங். டிங். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கோபமாக.

சுகன்யா ரேடியோவை அணைத்தாள். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். காதை வைக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"மாத்திரை போட்டாச்சா?"

அந்தப் பக்கம் பெண்குரல் எதுவும் எழவில்லை. அந்த இடம் காலியாக விடப்பட்டது போல ஓர் அமைதி. பிறகு அவர் குரல் மட்டும், சுவருக்கு வெகு அருகில் இருந்து வந்தது.

"ஆச்சு, ஆச்சு."

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கொக்கி 'டிக்' என்றது.

"இப்ப எதுக்கு ஜன்னலத் தொறக்குறாரு அண்ணன்?" ரெஜினா கிசுகிசுத்தாள்.

"காத்துக்கு" என்றாள் சுகன்யா. குக்கரில் அரிசியைப் போட உள்ளே போனாள்.